வெளியில பிரேயர் வெக்கலாமா

— மெதுவாப் பேசுங்க. கமருன்னிசா அந்தப் பெஞ்சுலதான் உட்கார்ந்திருக்காங்க. அவங்க பொண்ணு மெஹ்ரீன் உள்ள ஆக்ஸிஜன்ல கிடக்கு.

— இங்க பாரு லதா, ஸ்ரீரங்கத்துல இப்ப எந்த வீட்டுல சளி இல்ல? இதுக்குப் போய் ஸ்கூல் எச்.எம். நீயே பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணுமா?

— என் ஸ்கூல் பிள்ளை. நாலு வயசு. சளி எல்லாருக்கும்தான் வந்துச்சு, இதுக்கு மட்டும் நெஞ்சுல இறங்கிடுச்சு. புகையில நின்னுச்சான்னு டாக்டர் கேட்டாரு.

— டாக்டருங்க ஆயிரம் கேப்பாங்க.

— மார்கழிப் பனியில காத்து அசையாதாம். போன வாரம் நாலு நாள் உங்க கிடங்குல எரிஞ்ச குப்பைப் புகை, மேல போகாம கீழேயே நின்னிருக்கும்ங்கறாரு. ஏற்கெனவே இழுப்பு இருக்கிற பிள்ளை. புகையில மூச்சுக்குழாய் புண்ணான நேரத்துல கிருமியும் சேர்ந்தா தாங்குமா?

— சரிம்மா. அதுக்கு நான் என்ன பண்றது?

— நீங்கதானே அங்க சூப்பர்வைசர்? காத்துல எவ்வளவு புகைன்னு அளக்கிற மிஷின் உங்க ஆபீஸ் வாசல்லதானே இருக்கு? வெளியில பிரேயர் வெக்கலாமான்னு தினம் காலையில போன் பண்ணிக் கேட்டேனா இல்லையா?

— கேட்ட.

— தாராளமா வை, ஒண்ணும் ஆகாதுன்னீங்க. எனக்கே நாத்தம் அடிச்சுது. அப்பவும் உங்களைத்தான் நம்பினேன். இழுப்பு இருக்கு டீச்சர்னு கமருன்னிசா தயங்கினாங்க. என் வீட்டுக்காரரே அளந்து சொல்றாரு, பயப்படாம அனுப்புங்கன்னு நான்தான் அனுப்ப வெச்சேன்.

— மிஷின் ரிப்பேர், லதா. ஒரு வாரமாத் தப்பாக் காட்டியிருக்குன்னு நேத்துதான் மெக்கானிக் வந்து சொன்னான். ஓரமாக் கொஞ்சம் எரிஞ்சுது, அது ஸ்கூல் வரைக்கும் வரும்னு எனக்கு எப்படித் தெரியும்? உன்கிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?

— ஸ்கூல்ல இருந்து ஒரு புகார் போனா கிடங்கை மூடிடுவாங்க.

— சீ, அதுக்காகப் பச்சைப் பிள்ளைங்களைப் புகையில நிறுத்துவேனா? என்னை அப்படியா நினைச்ச? சத்தியமாச் சொல்றேன், நேத்து வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது.

— அப்படித்தான் இருக்கணும்னு நானும் வேண்டிக்கிட்டேன். காலையில அட்டெண்டன்ஸ் நோட்டைப் புரட்டற வரைக்கும்.

— அதுல என்ன இருக்கு?

— அந்த நாலு நாளும் எல்.கே.ஜி.யில ஒரே ஒரு பிள்ளைதான் லீவு, உங்க அக்கா பொண்ணு கனிஷ்கா. உங்க அக்காகிட்டயே ஏன் அண்ணின்னு கேட்டேன். "புகை அடங்கற வரைக்கும் பாப்பாவை அனுப்பாதன்னு தம்பிதான் போன் பண்ணான், உன்கிட்ட சொல்லலையா?"ன்னாங்க.