இடம் மாறிய குடம்

காவலூரிலிருந்து மலையிறங்கும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு கணவனும் மனைவியும், அவர்களுக்கு நடுவில் பார்வையிழந்த அவன் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் நெற்றியில் பிளாஸ்திரி. கண்ணமங்கலத்தில் மூத்த மகன் வீட்டில் அவரை விடப் போகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் மெமரில ஒரு பேஜை, அதாவது ஒரு துண்டு தகவல, வேற எடத்துக்கு நவுத்தினா, ஒடனே டேபிள்லயும் மாத்தணும். இல்லன்னா அது பழைய எடத்துலயே போய்த் தேடும்,” என்றான் கணவன், மனைவியிடம்.

“டேபிள்னா இன்னாங்க?”

“எது எங்க இருக்குதுன்னு அதுக்குள்ள இருக்கற பட்டியல். அப்பா மனசுலயும் ஒண்ணு இருக்குது. நீ தண்ணிக் குடத்த நவுத்திட்ட. அவரு பழைய எடத்துலயே புடிக்கப் போயி வுழுந்துட்டாரு.”

“மிஷினுக்கு இவ்ளோ பாக்கறீங்க, எனக்கு முன்னமே சொல்லக் கூடாதா?” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இனிமே உப்பு டப்பாவ நவுத்தினாகூட மாமா கையப் புடிச்சி அதும்மேல வெச்சிக் காட்டுவேன். ஆனா, எடம் புரியாத வூட்டுல இருக்க மாட்டேன்னு கெளம்பிட்டாரே.”

தூங்குகிறார் என்று நான் நினைத்திருந்த பெரியவர் மகன் பக்கம் தலையைத் திருப்பினார்.

“நாம திரும்பற பஸ்ஸு எத்தினி மணிக்குடா?”