இளநீர் சீவும் அரிவாள்

என் பெயர் பொன்னழகு; தலைமைக் காவலன். விடியுமுன் சட்டைப் பொத்தான்களைத் துலக்கிவிடுவேன். புகையிலை தொட்டதில்லை. சென்னையில் சட்டசபை வாசலில் நின்று பழகியவன் ஆதலால், ஐம்பத்தேழாம் ஆண்டுத் தேர்தல் முடிந்து, திண்டுக்கல்லில் எம்.எல்.ஏ. ஒருவர்மீது கல் விழுந்தபோது, அவருக்கு மெய்க்காவலாக என்னையே அனுப்பினார்கள்.

அவர் நல்லவர். காவலின் அருமை மட்டும் அவருக்கு விளங்கவில்லை.

“என்னைய எவன்ப்பா வெட்டப் போறான்? ஒன் துப்பாக்கியப் பாத்தாலே மனுக் குடுக்க வாரவன் சந்தை ஆடு மாதிரி மெரளுறான். திங்கக்கெழமை நீ லைனுக்குத் திரும்பிப் போயிரு,” என்றார்.

ஆயுதப்படை லைனில் நான் பலருள் ஒருவன். இங்கோ தாசில்தாரும் என்னைக் கேட்டே உள்ளே நுழைவார். ஆயினும், அதன்பொருட்டு நான் எதையும் செய்யவில்லை. கல்லெறிந்த ஊர் ஒருநாள் அரிவாளும் எடுக்கும். அதனை அவருக்கு உணர்த்துவது என் கடமையாயிற்று.

ரெட்டியார்சத்திரத்துத் தோப்புக்காரன் சோலைமுத்து அவரிடம் உயிரையே வைத்திருந்தவன். அவனைச் சந்தையில் கண்டேன்.

“ஞாயித்துக்கெழமை ஐயாவுக்கு எளநி கொண்டாப்பா. அவரு கண்ணு முன்னால நீயே சீவிக் குடு.”

“அருவாளோட உள்ள விடுவாகளா, ஏட்டய்யா?”

“வாசல்ல நிக்கிறது நாந்தானே.”

“அது சரி, நீங்க இருக்கையில எனக்கென்ன பயம்,” என்று சிரித்தான்.

சொன்னபடியே வந்தான். எம்.எல்.ஏ. கூடத்திலிருந்து வெளிப்பட்டதும் அரிவாளை ஓங்கினான். இளநீர் சீவ அப்படித்தான் ஓங்க வேண்டும். நான் சுட்டேன். ஒரு குண்டே போதுமானதாயிற்று. காய் உருண்டு அவர் காலடியில் நின்றது.

அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். திங்கட்கிழமையைப் பற்றிப் பிறகு பேசவில்லை. சோலைமுத்துவின் மனைவி கருப்பம்மாள் வாசலில் வந்து அழுதாள். அவளை உள்ளே விடாமல் இருப்பதும் என் பணியே.

ஓராண்டு அமைதியாகக் கழிந்தது. என் காவலே அதற்குக் காரணம். ஆனால், நேற்று அவர் மறுபடியும் சொன்னார்: “இனி ஒண்ணும் நடக்காது பொன்னழகு. பொங்கல் கழிஞ்சதும் நீ லைனுக்குப் போ.”

மனிதர் எவ்வளவு விரைவில் மறந்துவிடுகிறார்.

ஒட்டன்சத்திரம் பக்கத்துக் கருப்பணன், பொங்கலுக்கு அவருக்குக் கரும்பு கொண்டுவர விரும்புகிறான். அவர் கண்முன்னே அதை வெட்டித் தருமாறு அவனிடம் சொல்லப்போகிறேன். அரிவாளோடு வரத் தயங்குவான். வாசலில் நிற்பது நான்தான் என்று சொல்லுவேன்.