ஒரு பக்கம் சப்பையான வட்டம்

மேலே கண்ட பெயரும் முகவரியும் என்னுடையவையே. வயது ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் கிருமிப் பிரிவு மருத்துவர். கிருமி வளர்த்த தட்டு ஒன்றைத் திருடியதாக எங்கள் நிர்வாகி கொடுத்த புகாரின்பேரில் விசாரிக்கப்பட்டு நான் சொல்வதாவது:

விரலில் ஊசி ஏறிய தையல்காரர் ஒருவர் வந்தார். முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. அதன் பிறகு அவருடைய சீழை எடுத்துத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்த்த காகித வில்லைகளை வைத்துப் பார்த்ததில், முதல் மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை. இரண்டாம் மருந்தைச் சுற்றி மட்டும் கிருமி செத்து, வட்டமாக வெறுமை தெரிந்தது. அதன்படி இரண்டாம் மருந்தை மாத்திரையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். விஷம் ரத்தத்தில் ஏறி ஆள் போய்விட்டார்.

அந்தக் கிருமிக்குள் இரண்டாம் மருந்தை எதிர்க்கும் மரபணு உண்டு. சும்மா இருக்கையில் அது அணைந்து கிடக்கும். முதல் மருந்தின் வாடை பட்டால்தான் விழிக்கும். புலி எதற்குப் பதுங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இதைப் பிடிக்க அந்த இரண்டு வில்லைகளையும் கையால் அருகருகே வைப்போம். நேரம் மிச்சம் என்று நிர்வாகி வாங்கிய கருவியோ வில்லைகளைத் தள்ளித் தள்ளிப் போடுகிறது; தையல்காரரின் தட்டிலும் அப்படித்தான் போட்டது. கூடாது என்று நான் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு.

அதன் பிறகு அதே கிருமியைப் புதுத் தட்டில் வளர்த்து, வில்லைகளைக் கையால் வைத்தேன். மறுநாள் இரண்டாம் மருந்தைச் சுற்றிய வட்டம் முதல் மருந்தின் பக்கம் சப்பையாக இருந்தது; அந்தப் பக்கத்துக் கிருமி விழித்துக்கொண்டு சாகவில்லை. நிர்வாகியிடம் காட்டினேன். "செத்தவன் எழுந்தா வரப்போறான்? அந்தத் தட்ட அழிச்சுட்டு வேலையப் பாருங்க டாக்டர்" என்றார். வேளை தவறி மாத்திரை கொடுத்ததால்தான் இறந்தார் என்று தையல்காரரின் மனைவியிடம் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதன் பிறகு தட்டை மூடி ஒட்டி, டப்பாவில் வைத்து அந்த அம்மாவின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். எல்லாம் விளக்கிக்கொண்டிருக்கையில், மாத்திரை நேரத்துக்கு வைத்திருந்த கடிகாரம் தையல் மேசையில் அடித்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார். தட்டை வெகுநேரம் பார்த்தார். "அப்போ நான் சரியாத்தான் குடுத்தேனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தட்டு ஆஸ்பத்திரிக்குச் சொந்தம். அனுமதி கேட்காமல் எடுத்தது உண்மை. நிர்வாகி அதைத் திருப்பிக் கேட்பதாகச் சொல்கிறீர்கள். கொடுத்தால் அழித்துவிடுவார். ஆகவே உங்களிடம் ஒப்படைக்கிறேன். திறக்காமல் குளிர்பெட்டியில் வையுங்கள். ஆளைக் கொன்ற கிருமிதான், ஆனால் அந்த அம்மாவுக்கு வேறு சாட்சி இல்லை.

படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)