முதல் அலமாரி

உரிமப் பத்திரங்களைக் கடைசி வரி வரை படிக்கிறவன் நான். காலைக் காப்பியோடு மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பார்கள், எனக்கு இது போதும். யாருக்கும் இலவசமாகக் கொடுக்கும் மென்பொருள் தொகுப்பு ஒன்றில் எது சேரலாம், எது கூடாது என்று பன்னிரண்டு வருடமாக நான்தான் முடிவு செய்கிறேன். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற கூட்டத்துக்கு இந்த உழைப்பின் அருமை தெரியாது. விசாரிக்க வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் தெரியுமா என்பது சந்தேகம்தான்.

எமுலேட்டர் என்றால், புதிய கணினியைப் பழைய கருவி ஒன்றைப் போல நடிக்க வைக்கும் நிரல். அடுப்பு சொந்தம், அரிசி அடுத்த வீட்டுடையது என்ற கதை. எமுலேட்டர் இலவசமாகவே இருக்கட்டும். அதில் ஓட வேண்டிய பழைய நிரல் ஒரு கம்பெனியின் சொத்து என்றால், எங்கள் தொகுப்பில் முழுக்க இலவசமானவை மட்டும் இருக்கும் பகுதியான முதல் அலமாரியில் அதற்கு இடமில்லை. சொத்துக்காரர் உரிமையை விட்டுக்கொடுத்தால் உண்டு. அந்தக் கடிதம் அவரிடமிருந்து நேராக என் கைக்கு வரவேண்டும், விண்ணப்பித்தவர் தொடக்கூடாது. அந்த விதியை எழுதியதும் நான்தான்.

ரேடியோ மெக்கானிக் ஒருவர் கொண்டுவந்தது, தன் மனைவியின் பேச்சுக் கருவிக்கான எமுலேட்டர். அந்த அம்மாளுக்குக் குரல் போய்விட்டது, ஒரு விரல்தான் அசையும். அந்த விரலால் தட்டியதை உரக்கச் சொல்லும், இருபது வருடம் பழகிய கருவி எரிந்துபோயிற்று. அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் வெளிச் சாமானை உள்ளே விடமாட்டார்கள். அங்குள்ள கணினிகளில் எங்கள் முதல் அலமாரியில் இருப்பதை மட்டுமே ஏற்றுவார்கள்.

"கம்பெனிக்காரர் லெட்டர் போடறேன்னு சொல்லிட்டாரு சார். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் மெக்கானிக்.

மறு வாரமே வந்தது. ஒரு குறையும் சொல்ல முடியாத கடிதம்.

இதே மனிதர்தான் முந்தைய வருடக் கூட்டத்தில் நாற்பது பேர் முன்னால், "சார், அந்தப் பிரிவை நீங்க தப்பாப் படிச்சிட்டீங்க," என்றவர். ரேடியோவுக்கு ஈயம் பற்றவைக்கிற கைக்கு உரிமப் பத்திரம் கேட்கிறது. எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி என்பது வேறு விஷயம்.

கடிதத்தைக் கீழ் இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். எழுதிய பெரியவர் அதே மாதம் கண்ணை மூடினார். அனுப்பினாரா என்று கேட்க ஆளில்லை.

மெக்கானிக் ஏழு மாதம் வாராவாரம் போன் செய்தார்.

"ஏதாவது வந்துச்சா சார்?"

"இன்னும் வரலையேப்பா."

ஒருமுறை, "அவ என்னமோ சொல்ல வர்றா சார். கண்ணுல தண்ணியா வருது, எனக்குப் புரியமாட்டேங்குது," என்றார். கண்ணீரைப் பார்த்து விதியைத் தளர்த்த முடியாது என்று பொறுமையாக விளக்கினேன். அதற்கும் நன்றி சொன்னார். அடுத்த வாரம் போன் வரவில்லை. அந்த அம்மாள் சொல்லாமலே போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடிதம் அந்த இழுப்பறையில்தான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். என்றோ கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் ஆவணத்தை அழிப்பது விதிக்கு விரோதம். நான் விதியை மீறினேன் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.