அலமாரிக்குப் பின்னால் ஒரு ஜன்னல்

தலைமை நாற்காலியைத் தம் திருமேனியால் நிரப்பி, அதன் கால்கள் படும் பாட்டை நமக்குக் காட்டாமல் புன்னகைத்துக்கொண்டிருக்கும் தையற்கடைப் பெரியவர் அவர்களே, இத்தெருவின் இடுப்பளவுகள் அனைத்தையும் மனத்தில் வைத்திருந்தும் ஒன்றைக்கூட வெளியே விடாத பண்பின் சிகரமே, முன்வரிசையில் பசியோடும் பின்வரிசையில் அதைவிடப் பசியோடும் அமர்ந்திருக்கும் சான்றோர்களே, மடியில் பிள்ளையும் மனத்தில் அடுப்பை அணைத்தோமா என்ற கவலையுமாக வந்திருக்கும் தாய்மார்களே, ஆளுக்கொரு ஒலிபெருக்கி வைத்ததுபோல் தெருவையே அலறவிட்டிருக்கும் மைக்செட்காரரே, இந்த விழாவின் நாயகராம், என் மனைவியின் தங்கையை மணந்தவராம், புத்தம்புது அடுக்களைக்குச் சொந்தக்காரராம் என் சகலை அவர்களே! உங்கள் அனைவருக்கும் பக்கத்து வீட்டுக்காரனின் வயிற்றெரிச்சல் கலந்த வணக்கம்.

ஆம், வயிற்றெரிச்சல்தான். அடுக்களைத் திறப்பு விழாவில் பேச என்னை அழைத்தவர்கள், “நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க” என்றார்கள். சொல்வேன். ஆனால் நான் பாராட்ட மட்டும் வரவில்லை. ஒன்றைக் கேட்டு வாங்கிப்போக வந்திருக்கிறேன். பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. ஒரு ஜன்னல் கேட்கிறேன். அதை வாங்காமல் இந்த மேடையைவிட்டு இறங்க மாட்டேன்.

“அண்ணே, சுருக்கமா முடிங்க, சாப்பாடு ஆறுது” என்கிறார் சகலை. ஆறட்டும். என் வயிறு எரிகிறதே, அதில் வைத்துச் சுடவைத்துக்கொள்ளலாம்.

முதலில் நான் நிற்கும் இந்த மேடையைப் பாருங்கள். இது எது தெரியுமா? சகலை வீட்டுப் பழைய அடுக்களையின் அலமாரிக் கதவுகள். செங்கல் அடுக்கி மேலே பரப்பியிருக்கிறார்கள். நான் அசைந்தால் கீச்சென்கிறதே, அது பழைய மசாலா அலமாரியின் குரல். அந்தக் கீச்சொலியை எத்தனை ஆண்டுகள் என் வீட்டில் உட்கார்ந்து கேட்டிருப்பேன். கதவு கீச்சிட்டால் அங்கே தாளிப்பு, தாளிப்பு என்றால் இங்கே எனக்குத் தும்மல். அப்படி வாழ்ந்த வீடுகள் இவை.

அந்தக் கதவுகளை மிதித்துக்கொண்டு புதிய அடுக்களையைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். நேற்று உள்ளே போனேன். ஓர் இழுப்பறையைத் தள்ளினேன். அது பாதி வழியில் நின்று யோசித்தது. பிறகு தானாக, மெல்ல, ஓசையில்லாமல் போய் அடங்கியது. எவ்வளவு மரியாதை! என் வீட்டு இழுப்பறையைத் திறக்க ஓர் ஆள் வேண்டும், மூட ஓர் ஆள் வேண்டும், நடுவில் சமாதானம் பேச ஓர் ஆள் வேண்டும். அவர் வீட்டுக் குழாய், கையைக் காட்டினால் பொழிகிறது. என் வீட்டுக் குழாய் கெஞ்சினால்தான் வரும், பிறகு கெஞ்சினாலும் நிற்காது. அவர் வீட்டுக் கல்மேடை மினுக்குகிற மினுக்கில் சகலை அதில் முகம் பார்த்துத்தான் சவரம் செய்கிறார். அடுப்புக்கு மேலே புகையை உறிஞ்ச ஒரு பெட்டி. முந்தாநாள் அதைப் போட்டார்கள். மூன்றாவது தெருவில் வெங்காயம் வதக்கியவர் வீட்டு வாசனைகூட வளைந்து நெளிந்து வந்து அதற்குள் போய்விட்டது. மொட்டைமாடியில் காய்ந்த என் வேட்டியைக் காணவில்லை. யாரைச் சந்தேகிப்பது?

சிரிக்காதீர்கள். உங்களுக்கு என்ன, நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள். நான் ஒரு சுவர் தூரத்தில் படுத்துக்கொண்டு இதையெல்லாம் அனுபவிக்கிறேன்.

வேலை நடந்த காலத்தில்தான் என் துன்பம் தொடங்கியது. இடிப்பும் உடைப்பும் அவர் வீட்டில், தூசு என் வீட்டில், விருந்து ஓட்டலில். அடுக்களை இல்லையாம், ஆகவே குடும்பத்தோடு தினமும் வெளியே சாப்பாடாம். நான் வேகவைத்த காயும் வெறும் பருப்புமாக உட்கார்ந்திருக்கும் வேளையில் சகலை திரும்பி வருவார். நேராக வீட்டுக்குள் போவாரா? மாட்டார். என் வாசலில் நின்று ஓர் ஏப்பம் விடுவார். அது ஏப்பமா? அறிக்கை. இன்று இன்னின்ன சாப்பிட்டோம், இன்னும் சாப்பிட்டிருப்போம், இடமில்லை என்று ஊருக்கு விடுத்த அறிக்கை.

அதையும் பொறுத்தேன் ஐயா. ஜன்னலைத்தான் பொறுக்க முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் இரு வீட்டுக்கும் நடுவே ஒரு சந்து. பூனை போகவேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு போகவேண்டும், அவ்வளவு அகலம். அந்தச் சந்தின் இந்தப் பக்கம் என் வீட்டு அடுக்களை ஜன்னல், அந்தப் பக்கம் அவர் வீட்டு அடுக்களை ஜன்னல். இங்கே அக்கா, அங்கே தங்கை. கை நீட்டினால் கரண்டி போய்ச் சேரும்.

இந்த அக்கா தங்கையிடம் ஒரு பழக்கம். தான் சமைத்ததைத் தான் ருசி பார்ப்பதில்லை. கல்யாணமான புதிதில் நான் கேட்டேன், “உப்பு பாத்தியா?” என் மனைவி சொன்னாள், “அடுப்பு முன்னாடி நின்னா என் நாக்குக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தங்கச்சி பாத்துச் சொல்லுவா.” பிறந்த வீட்டில் அக்கா சமைப்பாள், தங்கை ருசி பார்ப்பாள். தங்கை சமைத்தால் அக்கா. அந்த ஏற்பாடு அப்படியே ஜன்னலுக்கு வந்துவிட்டது. இங்கிருந்து ஒரு கரண்டி போகும். அங்கிருந்து தீர்ப்பு வரும். “அக்கா, உப்பு கம்மி.” “ஏண்டி, உன்னுதுல புளிப்பு தூக்கலா இருக்கே.” இந்த வீட்டு நாக்கு அந்த வீட்டில், அந்த வீட்டு நாக்கு இந்த வீட்டில். இப்படித்தான் இரண்டு வீடும் ருசியாகச் சாப்பிட்டு வந்தன.

அந்தக் கரண்டியோடு ஒரு கிண்ணமும் போகும் என்பதை நான் இந்த மன்றத்தின் முன் வேதனையோடு பதிவு செய்கிறேன். மேலாக மிதக்கும் நல்ல துண்டு எல்லாம் சகலைக்கு. அடியில் இருப்பதை வழித்து எனக்கு. கேட்டால், “அவரு நம்ம வீட்டு மாப்பிள்ளைங்க” என்பாள். அப்படியானால் நான் யார்? வாடகைக்கு வந்தவனா?

ஆகவே, அளவு நாடாவோடு வந்த அடுக்களை வடிவமைப்பு அம்மையார், “இந்த ஜன்னல் சுவரோட அழகைக் கெடுக்குதுங்க, இங்க உயரமா ஒரு அலமாரி வந்தா அம்சமா இருக்கும்” என்று சொன்னதும், ஜன்னலை அலமாரி மூடியதும், நான் துள்ளினேன். இனிக் கிண்ணம் போகாது. நல்ல துண்டு எனக்கே. அன்று சாப்பிட உட்கார்ந்தேன். நல்ல துண்டு தட்டில் விழுந்தது. வாயில் வைத்தேன். கடலைக் காய்ச்சி வடித்து அதில் அந்தத் துண்டை ஊறப்போட்டது போல உப்பு. மறுநாள் உப்பே இல்லை. அதற்கடுத்த நாள் உப்பு இருந்தது, வேறெதுவும் இல்லை.

“கொஞ்சம் ருசி பாத்திருக்கலாமே” என்றேன். “பாக்குறவதான் அலமாரி வச்சு அடைச்சுட்டாளே” என்றாள்.

வீட்டில் இப்படி என்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அக்காவும் தங்கையும் அவரவர் அடுக்களையில் விருந்துக்கான வேலையாக இருக்கிறார்கள். கைதட்டி வாழ்த்தலாம் என்றால் அந்த அலமாரியைச் செய்த தச்சரையும் காணோம். அக்காவும் தங்கையும் இல்லாத துணிச்சலில் சொல்கிறேன், இது நமக்குள் இருக்கட்டும். மருந்துக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் ஓட்டலுக்குப் போனேன். மூலை மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் இன்னொரு முதுகு. எங்கேயோ பார்த்த முதுகு. சர்வர் வந்து, “சார், ரெண்டு பேரும் தினம் தனித்தனியா வர்றீங்க, இன்னிக்கு ஒரே மேசையில உக்காருங்களேன், இடம் பத்தலை” என்றார்.

திரும்பினேன். சகலை!

“என்ன அண்ணே, மருந்து சூடா இருக்கா?”

“டயருக்குக் காத்தடிக்கப் போறதா உன் வீட்டுல சொன்னாங்க. காத்து ரெண்டு பிளேட் வாங்கிட்ட போலிருக்கே.”

அங்கேயும் அவர் தட்டில் இருந்த துண்டுதான் பெரியது. அதை விடுங்கள். சகலை குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “புது அடுக்களையில வாய்ல வைக்க முடியலண்ணே. எல்லாம் இருக்கு, ருசி இல்ல. கேட்டா அழறா. அக்காவுக்குப் பொறாமை, அதான் இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலங்கிறா.”

தலைவர் அவர்களே, அந்த இடத்தில் என் கையில் இருந்த கவளம் கீழே விழுந்தது. என் வீட்டில் நடப்பது என்ன? தங்கைக்குப் புது அடுக்களை வந்ததும் பெருமை வந்துவிட்டது, கதவு வழியாகக்கூட வரவில்லை என்று இவள் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவுக்குப் பொறாமை என்று அவள் உட்கார்ந்திருக்கிறாள். இடையில் ஓர் அலமாரி. உயரமான அலமாரி. அதற்குள் என்ன இருக்கிறது தெரியுமா? திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. வைப்பதற்கு இன்னும் சாமான் வாங்கவில்லையாம்.

இதற்காகவா வாய்ப்பேச்சு நின்றது? இதற்காகவா கரண்டி திரும்பியது? ஒன்றுமில்லாத ஓர் அலமாரிக்காகவா பிறந்ததிலிருந்து ஒருத்தி நாக்கை ஒருத்தி நம்பி வாழ்ந்தவர்கள் வாயடைத்து நிற்பது?

இந்தப் பெருமன்றத்தில் நான் ஒன்றைத் தெளிவாக அறிவிக்கிறேன். என் மனைவிக்குப் பொறாமை கிடையாது. இருக்க முடியாது. ஏனென்றால் எங்கள் வீட்டுப் பொறாமை முழுவதும் என்னிடம் இருக்கிறது. ஒரு துளிகூட அவளுக்கு நான் மிச்சம் வைத்ததில்லை. இழுப்பறைமேல் பொறாமை எனது. குழாய்மேல் பொறாமை எனது. ஏப்பத்தின்மேல், கிண்ணத்தின்மேல், கிண்ணத்தில் மிதந்த துண்டின்மேல் கொண்ட பொறாமை எல்லாம் எனது, எனது, எனதே. தங்கையின் புது அடுக்களையை ஓர் ஓட்டை வழியாகவாவது பார்த்துவிட மாட்டோமா என்று தினமும் அந்தச் சந்துச் சுவரையே பார்த்து நிற்கிறவளுக்கு, ஐயா, பொறாமைப்பட நேரம் ஏது?

ஆகவே கேட்கிறேன். கல்மேடை உங்களுக்கே. குழாய் உங்களுக்கே. என் வேட்டியைக்கூட வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அந்த நல்ல துண்டு போனால் போகட்டும். அலமாரியை அகற்றுங்கள், அகற்றுங்கள், அகற்றும்வரை…

என்ன சத்தம் அது? மைக்செட்காரரே, கரகரவென்கிறதே. என்னது? மைக் இல்லையா? ரம்பமா? யார் வீட்டில்?

“அண்ணே” என்கிறார் சகலை, முகம் வெளுத்திருக்கிறது. “அடுக்களையில வேலை பாக்குறவங்களும் கேக்கட்டும்னு ஒரு ஸ்பீக்கரைச் சந்துக்குள்ள வச்சிருக்காங்கண்ணே.”

சந்துக்குள்ளா? அப்படியானால் மருந்துக் கடையும்? டயரும்?

இருங்கள். பேசாதீர்கள். பின்வரிசை, தயவுசெய்து. கேட்கிறதா?

“அக்கா… இந்தா… உப்பு கம்மி.”

“போடி. நேத்து வரைக்கும் எங்க போயிருந்த?”

தலைவர் அவர்களே, கேட்டது கிடைத்துவிட்டது. தச்சர் எங்கே இருந்தார் என்பதும் தெரிந்துவிட்டது, அலமாரியின் முதுகை அறுத்துக்கொண்டிருக்கும் அவர் கைக்கு என் வணக்கம். பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், பசியோடு கேட்ட தாய்மாருக்கும், ரகசியத்தை ரகசியமாக வைக்காத மைக்செட்காரருக்கும் நன்றி.

இதோ என் மனைவி வாசலில் நிற்கிறாள். கையில் கிண்ணம், ஆவி பறக்கிறது. கண் மட்டும் சிவந்திருக்கிறது, வெங்காயம் என்பாள். என்னைப் பார்த்துச் சொல்கிறாள், “மருந்துக் கடைக்காரரே, இறங்கி வாங்க. இலையில மருந்து போட்டாச்சு.”

வருகிறேன். ஆனால் அந்தக் கிண்ணம் என்னைத் தாண்டிப் போகிறதே. சகலை பக்கம் போகிறதே. மேலே மிதப்பது என்ன, நல்ல துண்டுதானே?

பொறாமையோடு விடைபெறுகிறேன். வணக்கம்.