‘சொன்னது சொன்னபடி’ நாடகத்தில் நான் சொல்லாத பகுதி

எனது பெயர் மீராசாகிபு ஸுஹறா. வயது 45. முள்ளியவளையில் எனது தகப்பனாரின் காணியில் வசிக்கிறேன். வீட்டில் இருந்து உடுப்புத் தைத்துக் கொடுப்பது எனது தொழில். கணவர் ஸுஹைப் மோட்டார் சைக்கிளில் புடைவை கொண்டு திரிந்து விற்பவர். நான் முஸ்லிம், எனது தாய்மொழி தமிழ், தமிழிலேயே வாக்குமூலம் கொடுக்க விரும்புகிறேன். வட்டக்கச்சியைச் சேர்ந்த நாடக நெறியாளர் பிரதாபன் எனக்கு எதிராகப் பொலிஸில் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கடந்த சனிக்கிழமை பின்னேரம் எங்கள் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ‘சொன்னது சொன்னபடி’ என்ற நாடகம் நடந்தபோது நான் மேடையில் ஏறிக் குழப்பியதாகவும், நடிகை யதுர்ஷிகாவின் காதைக் காயப்படுத்தியதாகவும் அதில் உள்ளது. மேடையில் ஏறியது உண்மை. ஏன் ஏறினேன் என்பது அதில் இல்லாதபடியால் அதைச் சொல்கிறேன்.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வடக்கில் இருந்த முஸ்லிம்களை ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. நாங்கள் வவுனியாப் பக்கம் நடந்து, அதன் பின்னர் புத்தளத்துக்குப் போய், அங்கே கொட்டிலில் வளர்ந்து, அங்கேயே கலியாணம் முடித்து, யுத்தம் முடிந்த பிறகு கணவருடன் திரும்பி வந்தேன். புத்தளத்தில் எங்களை வடக்கு அகதி என்றார்கள். இங்கே வந்தால் புத்தளத்து ஆட்கள் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் யாரும் எங்களை ஊர் ஆட்கள் என்று சொல்லிக் கேட்டதில்லை.

எங்கள் வேலிக்கு அடுத்த காணியில் விமலேஸ்வரி என்பவர் இருக்கிறார். சின்ன வயதில் இருந்தே தெரிந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் வந்தபோது காணி முழுக்கப் பற்றையாகக் கிடந்தது. அவர் கத்தியோடு வந்து எங்களோடு நின்று வெட்டினார். எங்கள் கிணற்றை இறைத்து முடிக்கும் வரை அவருடைய கிணற்றில்தான் அள்ளினோம். அவருடைய அண்ணன் இயக்கத்தில் இருந்தவர், கடைசி யுத்தத்தில் காணாமல் போனவர். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் போராட்டம் இருக்கும் றோட்டோரக் கொட்டிலில் அக்காவும் அண்ணனின் படத்தை வைத்துக்கொண்டு இருப்பார். அவருக்குச் சுகமில்லாத நாட்களில் அந்தப் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நான் போய் இருந்திருக்கிறேன். எங்கள் ஆட்களில் சிலர் அதற்கு என்னை ஏசினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடந்த வருடம் பிரதாபன் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஊர்ச்சனத்தின் உண்மைக் கதைகளை ஒலிப்பதிவு செய்து நாடகமாக்குவதாகச் சொன்னார். நடிகர்கள் வசனம் பாடமாக்குவதில்லை என்றும், சொன்னவரின் குரல் இயர்போனில் ஓட, அதைக் கேட்டபடியே மேடையில் சொல்வார்கள் என்றும் விளக்கினார். “அக்கா, உங்கட வாயில வந்ததுதான் மேடையில வரும். இருமினா இருமலும் வரும்” என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. எங்களைப் பற்றி எல்லோரும் கதைத்திருக்கிறார்கள், எங்கள் இருமலையும் கேட்க விரும்பியவரை அன்றுதான் கண்டேன். ஆகவே என் கணவருக்குக்கூட முழுதாகச் சொல்லாத ஒன்றை அவருக்குச் சொன்னேன்.

நான் சொன்னது இதுதான். ஊரை விட்டுப் போகும் வழியில் இயக்கத்தார் எங்களைச் சோதனை செய்தார்கள். நகை, காசு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் போடச் சொன்னார்கள். என் காதில் வாப்பா புதிதாக வாங்கித் தந்த தோடு இருந்தது. தோட்டின் பின்சுரை இறுகிப்போய்க் கழலவில்லை. அங்கே நின்றவர் எங்கள் ஊர் அண்ணா, மழை நாட்களில் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றி குர்ஆன் ஓதப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுபவர். அவர் உம்மாவிடம், “மாமி, எண்ணெய் கிடக்கோ?” என்று கேட்டார். உம்மா பையில் இருந்த தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தார். அவர் என் காதில் எண்ணெய் பூசி, “நோகாது தங்கச்சி, கொஞ்சம் பொறு” என்று சொல்லி, மெதுவாகத் திருகி, இரண்டு தோட்டையும் கழற்றித் தகரத்தில் போட்டார். அதன் பின்னர் போத்தலை இறுக்க மூடி உம்மாவிடம் திருப்பிக் கொடுத்தார். எனக்கு நோகவில்லை. நொந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அவர் பெயரை நான் பிரதாபனிடம் சொல்லவில்லை. யாரையும் குற்றவாளி ஆக்குவது என் நோக்கம் இல்லை. இது எங்கள் ஊரில், ஊர்ச்சனத்தின் முன்னால், ஒரு தரமாவது உரத்துச் சொல்லப்பட வேண்டும் என்பதுதான் என் ஆசை. அது மேடையில் வரும் என்று பிரதாபன் எனக்கு உறுதி சொன்னார். அந்த உறுதியை நம்பியே என் பெயரைப் பாவிக்கவும் ஓம் என்றேன்.

நாடகத்துக்கு முதல் வாரம் ஒத்திகை பார்க்கக் கூப்பிட்டார்கள். உடுப்பு மட்டும்தான் காட்டினார்கள். ஸ்கந்தபுரத்தைச் சேர்ந்த யதுர்ஷிகா என்ற பிள்ளைதான் நானாக நடிப்பதாகச் சொன்னார்கள். அவருக்குத் தலை முதல் கால் வரை கறுப்பு அபாயா போட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் உம்மாமார் சீலை கட்டி முக்காடு போட்டார்கள், நானோ பாவாடை சட்டையோடு திரிந்த பிள்ளை என்று சொன்னேன். “இல்லாட்டி முஸ்லிம் எண்டு சனத்துக்கு விளங்காது அக்கா” என்றார் பிரதாபன். தையற்காரி என்பதால் எனக்கு உடுப்பில் எரிச்சல் வந்தது. கதை சரியாக வந்தால் போதும், உடுப்பு என்ன என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்த சனம். கதை சொன்னவர்களை முன்வரிசைக் கதிரைகளில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் விமலேஸ்வரி அக்கா இருந்தார். அவரும் தன் அண்ணனைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாடகம் தொடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். என் கதையின் தொடக்கம் சரியாக வந்தது. நான் பேச்சை நிறுத்திய இடத்தில் யதுர்ஷிகாவும் நிறுத்தினார், நான் மூக்கை உறிஞ்சிய இடத்தில் அவரும் உறிஞ்சினார். சோதனை நடந்த இடம் வந்தது.

அந்த இடத்தில் யதுர்ஷிகா சொன்னது வேறு. அந்த அண்ணா எங்களைக் கண்டு அழுதார் என்றும், தண்ணீர் தந்தார் என்றும், எங்கள் சாமான்களைத் தன் சைக்கிளில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுவந்து விட்டார் என்றும் சொன்னார். தோடு இல்லை. எண்ணெய் இல்லை. அதன் பின்னர், “எங்கட உம்மா அந்த அண்ணாவைக் கையெடுத்துக் கும்பிட்டவா” என்றார். சனம் கை தட்டியது. பின்னால் சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

எங்கள் உம்மா யாரையும் கையெடுத்துக் கும்பிட்டதில்லை. எங்கள் மார்க்கத்தில் அந்த வழக்கமே கிடையாது. ஒரு முஸ்லிமின் வாயில் இருந்து அந்தச் சொல் வராது, ஆகவே அதைச் சொன்னவர் வேறு யாரோ என்று எனக்கு உடனே பிடிபட்டது. நான் எழும்பினேன். அக்கா என் கையை விடவில்லை. “இரு ஸுஹறா, சனம் பாக்குது” என்றார். கையைப் பறித்துக்கொண்டு மேடையில் ஏறி, யதுர்ஷிகாவின் காதில் இருந்த இயர்போனை இழுத்து எடுத்தேன். அதன் வயர் அவருடைய தோட்டில் மாட்டிக் காது சற்றுக் கிழிந்தது. இரத்தம் வந்தது. அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. காது நொந்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன், மருந்துச் செலவையும் கொடுப்பேன்.

இயர்போனை என் காதில் வைத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது என் குரல் இல்லை. விமலேஸ்வரி அக்காவின் குரல். எங்கள் உம்மாவை எப்போதும் மாமி என்று கூப்பிட்டவர், அதில் நானாக இருந்து “எங்கட உம்மா” என்று கதைத்துக்கொண்டிருந்தார்.

பிரதாபன் ஓடி வந்து, “அக்கா, இது சனத்தைச் சேர்க்கிற நாடகம். நீங்கள் சொன்ன பகுதி பிரிச்சுப்போடும்” என்றார். “தம்பி, பொய் சொல்லியோ சேக்கிறியள்? அதுவும் என்ர பேரில?” என்று கேட்டேன். அவர் லைற்றை நிறுத்தச் சொன்னார். நான் வேறு எதையும் உடைக்கவில்லை, யாரையும் அடிக்கவில்லை. இறங்கிப் பார்த்தபோது அக்காவின் கதிரை வெறுமையாக இருந்தது.

மறுநாள் காலை விமலேஸ்வரி அக்கா வேலியடிக்கு வந்தார். பிரதாபன் என் ஒலிப்பதிவைத் தனக்குப் போட்டுக் காட்டியதாகவும், சைக்கிள் என்று சொன்னவுடனேயே ஆளைத் தெரிந்துவிட்டதாகவும் சொன்னார். அதை வெட்டச் சொல்லிக் கேட்டது தான்தான் என்றும், வெட்டிய இடத்துக்கு வேறு ஏதும் வேண்டும் என்று பிரதாபன் கேட்டதால் பேசிக் கொடுத்ததாகவும் சொன்னார்.

“என்னட்டக் கேட்டிருந்தா நானே வெட்டச் சொல்லியிருப்பன் அக்கா. ஏன் கேக்கேல்ல?” என்றேன்.

“கேட்டா நீ ஓம் எண்டிருப்பாய். அது எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு உன்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?” என்றார்.

“இப்ப முழிக்கிறியள்தானே” என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். தோடு போனபோது நான் சின்னப்பிள்ளை, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இந்த முறை எல்லாம் விளங்குகிறது. என்னைத் துரத்தியவர்களை நான் ஊர் ஆட்கள் என்று நம்பித் திரும்பி வரவில்லை. இந்த அக்காவை நம்பித்தான் வந்தேன்.

அடுத்த மாதம் வவுனியாவில் இந்த நாடகம் மீண்டும் நடக்க இருப்பதாக அறிகிறேன். நான் சொன்னதைச் சொன்னபடி போட வேண்டும், இல்லாவிட்டால் என் பெயரையும் என் குரலையும் முழுதாக எடுத்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தோட்டைக் கழற்றியவரின் பெயர் என்ன என்று பதிவு செய்யும் உத்தியோகத்தர் கேட்கிறார். யார் என்பது நான் மேலே சொன்னவற்றில் இருந்தே அவருக்கு விளங்கியிருக்கும். பெயரை எழுதத் தர மாட்டேன். அக்காவுக்காகத்தான் மறைக்கிறேனோ என்றும் கேட்கிறார். இல்லை. இனி அந்த றோட்டோரக் கொட்டிலுக்கு நான் போக மாட்டேன், அவர் படத்தை மடியில் வைக்கவும் மாட்டேன். ஆனால் அவர் திரும்பி வர வேண்டும் என்று அக்காவைப் போலவே நானும் இருக்கிறேன். என் தோடு எங்கே என்று அவரிடம் நேரில் கேட்க வேண்டும். நாடகத்தில் சொன்ன அண்ணாவிடம் அதைக் கேட்க முடியாது, அவர் தோடு எடுத்ததே இல்லை.

இது எனக்கு முழுதாக வாசித்துக் காட்டப்பட்டது. தோடும் எண்ணெய்ப் போத்தலும் இந்த முறைப்பாட்டுக்குத் தேவையில்லை, விடலாமா என்று உத்தியோகத்தர் கேட்டார், இருக்கட்டும் என்று சொன்னேன், அப்படியே எழுதியிருக்கிறார். மேற்கூறிய யாவும் என் வாயால் நான் சொன்னவை, உண்மை. அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்)
மீ. ஸுஹறா