எட்டும் அறுபத்து நாலும்

மேலே எழுதியுள்ள பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது நாற்பத்தேழு. கணவர், மகள், மாமியாருடன் அந்த முகவரியில் குடியிருந்து வருகிறேன். கடைவீதி முனையில் உள்ள ரத்தப் பரிசோதனை லேபில் பல வருடமாக மூத்த டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். எங்கள் ஃப்ரீசரிலிருந்து ஒரு ட்யூப் திருட்டுப் போனதாக எங்கள் முதலாளி போலீஸில் கொடுத்த புகார் சம்பந்தமாகத் தாங்கள் விசாரித்ததில் நான் சொல்வதாவது:

எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கை எனக்கு நன்றாகத் தெரியும். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய மனைவி இப்போது இரண்டாவது முறை கர்ப்பமாக இருக்கிறார். மனைவிக்கு நெகட்டிவ் ரத்தம், வயிற்றில் உள்ள குழந்தைக்கு அப்பாவின் பாசிட்டிவ் ரத்தம். முதல் பிரசவத்தின்போதே தாயின் ரத்தத்தில் பாசிட்டிவ் அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி உண்டாகிவிட்டது. அது கூடினால் உள்ளே இருக்கும் குழந்தையின் ரத்தத்தை அழிக்கும். ஆகவே அவ்வப்போது அதை அளந்து பார்க்க வேண்டும்.

போன மாதம் அளந்தவள் நான். எப்படி அளப்பது என்று தாங்கள் கேட்டதால் சொல்கிறேன். ரத்தம் தெளிந்து மேலே நிற்கும் நீரை எடுத்து, உப்புநீர் சேர்த்துப் பாதியாக நீர்க்கச் செய்ய வேண்டும். அதில் எடுத்துத் திரும்பவும் பாதி, அதிலும் பாதி என்று வரிசையாக ட்யூப்களில் விட வேண்டும். அதன் பிறகு ஒவ்வொன்றிலும் பாசிட்டிவ் அணுக்களைச் சேர்த்து, உடல் சூட்டில் வைத்து, கழுவி, திரள வைக்கும் மருந்தைச் சொட்டி, மெஷினில் சுற்றி எடுத்து, அடியை மெதுவாகத் தட்டிப் பார்க்க வேண்டும். எத்தனை மடங்கு நீர்த்த பின்னும் அணுக்கள் கட்டியாகத் திரள்கின்றனவோ அதுதான் எண். முரட்டுக் கை தட்டினால் கட்டி உடைந்து எண் குறைந்துவிடும். என் கை அப்படிப்பட்டதில்லை. எட்டு என்று எழுதிக் கொடுத்தேன். அது எட்டுதான். அதன் பிறகு மிச்சத்தை ஒரு ட்யூபில் விட்டு, பெயர், தேதி ஒட்டி ஃப்ரீசரில் வைத்தேன். அடுத்த முறை புதியதை அளக்கும்போது பழையதையும் பக்கத்தில் வைத்து, ஒரே கையால் ஒரே அணுக்களோடு அளப்பது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் மாறியது ரத்தமா, அளந்த விதமா என்று சொல்ல முடியாது.

அதன் பிறகு இந்த மாதம் அவருடைய மனைவியின் ரத்தத்தை ஆஸ்பத்திரியில் எடுத்து வேறொரு லேபுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ட்யூப் முறை இல்லை, ஜெல் கார்டு. திரண்ட அணுக்கள் ஜெல்லின் மேலேயே சிக்கிக்கொள்ளும், திரளாதவை அடிக்குப் போய்விடும். அதில் அறுபத்து நாலு என்று வந்தது. முந்தாநாள் காலையில் மெக்கானிக் அந்த முடிவோடு என் மேசைக்கு வந்து, "அக்கா, எட்டு எங்க, அறுபத்து நாலு எங்க? நீங்க தப்பாப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கார்டு எப்போதும் கொஞ்சம் தூக்கித்தான் காட்டும், இது இரட்டிப்புக் கணக்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு, ஆக மூன்றே படிதான் என்று விளக்கினேன். "நீங்க படிங்கறீங்க. எனக்கு மூணு மாடியாத் தெரியுது" என்றார். "லிஃப்ட நீங்க பாருங்க தம்பி, ரத்தத்த நான் பாத்துக்கறேன். அடுத்த வாரம் அவங்களக் கூட்டிட்டு வாங்க, ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்துடலாம்" என்று சொல்லி அனுப்பினேன். என் மனதில் துளி சந்தேகம் இல்லை.

அதன் பிறகு நான் சாப்பிடப் போயிருந்த சமயம் அவர் லிஃப்ட் வேலையாக மேலே வந்து, ஃப்ரீசரைத் திறந்து, மேற்படி ட்யூபை எடுத்துத் தன் சாப்பாட்டு டப்பாவில் ஐஸ்கட்டியோடு வைத்துக்கொண்டு போயிருக்கிறார். காவலாளி பார்த்து முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளிக்குக் கோபம் எப்போதும் மூக்கின் மேல். அன்றே புகார் கொடுத்துவிட்டார்.

என்னைப் பொய்யாக்கத்தான் அவர் அதை எடுத்துப் போனார். நேராக அந்த லேபுக்குப் போய், "இதையும் அதே கார்டுல போட்டுப் பாருங்க" என்று கேட்டிருக்கிறார். அங்கே இருக்கும் பெண் முன்பு என்னோடு வேலை பார்த்தவள். ட்யூபின் மேல் என் எழுத்தைப் பார்த்ததும் மறுக்காமல், மிச்சம் இருந்த புது ரத்தத்தையும் சேர்த்து வைத்துப் போட்டிருக்கிறாள். நேற்று மதியம் எனக்குப் போன் செய்தாள். "அக்கா, உங்க எட்டு எங்க கார்டுல பதினாறு வருது. ஆனா புதுசு திரும்பவும் அறுபத்து நாலுதான்" என்றாள்.

கார்டு தூக்கிக் காட்டியது ஒரு படி. மற்ற இரண்டு படியும் ரத்தத்தில் நிஜமாகவே ஏறியது. நான் அளந்தது சரி, நான் சொன்ன சமாதானம் தவறு. அதன் பிறகு நானே ஆஸ்பத்திரி டாக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் உடனே ஸ்கேன் எடுத்துப் பார்த்து, குழந்தைக்கு ரத்தம் வெகுவாகக் குறைந்துவிட்டது, இன்று வயிற்றுக்குள் வைத்தே ரத்தம் ஏற்ற வேண்டும், ஒரு வாரம் விட்டிருந்தால் குழந்தை தங்கியிருக்காது என்றார்.

ட்யூப் எங்கள் லேபின் பொருள்தான், கேட்காமல் எடுத்தது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அது என் ஃப்ரீசரில் பத்திரமாக இருந்திருந்தால், நானும் பத்திரமாக அடுத்த வாரம்வரை உட்கார்ந்திருப்பேன். எனக்கு அவமானமாக இருக்கிறது என்பதையும் தாங்கள் எழுதிக்கொள்ளலாம். அவர் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை.

இன்று காலை அவரை ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் இங்கே கூட்டி வந்திருக்கிறீர்கள். நான் அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன். டாக்டரும் தயார், ஏற்ற வேண்டிய ரத்தமும் தயார். "அவர் வராம நான் உள்ள வர மாட்டேன்" என்று அவருடைய மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். என் பேச்சை நம்ப அவருக்கு இப்போது காரணமும் இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை, யாரும் சொல்லிக் கொடுத்துச் சொல்லவில்லை என்று கையெழுத்துப் போடுகிறேன். அவருக்கு ஜாமீன் நிற்க ஆள் வேண்டுமென்றால் என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள், அதற்கும் போடுகிறேன். வண்டியை வாசலில் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

(ஒப்பம்)